தோரி மோத்தோததா

தோரி மோத்தோததா (1539 - செப்டம்பர் 8, 1600) ஜப்பானின் செங்கோக்கு காலத்தில் வாழ்ந்த சாமுராய் வீரர் ஆவார். பிற்காலத்தில் ஜப்பான் முழுவதையும் ஆண்ட தோக்குகவா இயேயாசுவின் பரம்பரைப் பணிவீரர்களுள் ஒருவரான இவர், சிறுவயது முதல் இறக்கும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவரிடமே பணியாற்றினார். 1600 ஆம் ஆண்டில் சுமார் 1,800 வீரர்களுடன் ஃபுஷிமி கோட்டையில் இருந்து, சுமார் 40,000 பேர் கொண்ட படையை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எதிர்த்து நின்று உயிர்நீத்தார். இதன் பின்னர் ஆறு வாரங்களில் நடைபெற்ற செக்கிகஹாரா போரில் இயேயாசு பெற்ற வெற்றியே தோக்குகவா ஆட்சிக்கு அடித்தளமாக அமைந்தது.

தலைவனுக்காக உயிர் கொடுத்த வீரருக்கு எடுத்துக்காட்டாக இவர் ஜப்பானில் போற்றப்படுகின்றார். எனினும் இவரது வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்கும்போது, அக்காலத்தில் விசுவாசம் என்பது ஒரு தனிமனிதரின் உணர்வு மட்டுமன்று என்பது புலனாகின்றது. அது இரண்டு குடும்பங்களுக்கு இடையே பல தலைமுறைகளாகத் தொடர்ந்த ஒரு கொடுக்கல் வாங்கல் உறவாகவும் இருந்தது.

ஜப்பானிய வழக்கப்படி இப்பெயரில் குடும்பப் பெயரான "தோரி" முதலில் வருகின்றது. 1575 ஆம் ஆண்டில் நாகஷினோ கோட்டை முற்றுகையின்போது எதிரிகளால் சிலுவையில் அறையப்பட்ட தோரி சுனேயெமொன் என்பவர் வேறொருவர்.

பின்னணி

1467 ஆம் ஆண்டில் தலைநகர் கியோத்தோவில் தொடங்கிய ஓனின் போருக்குப் பின்னர் ஜப்பானில் மைய அரசு வலுவிழந்தது. நாடு, தைமியோ எனப்படும் சிற்றரசர்களின் ஆட்சிப் பகுதிகளாகச் சிதறி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவர்களிடையே போர்கள் நடைபெற்றன. இக்காலமே செங்கோக்கு காலம், அதாவது போரிடும் நாடுகளின் காலம், என அழைக்கப்படுகின்றது.

ஒவ்வொரு தைமியோவின் கீழும் கஷின் எனப்பட்ட பணிவீரர்கள் இருந்தனர். இவர்களுக்கு நிலமோ, நிலத்தின் விளைச்சலில் ஒரு பங்கோ வழங்கப்பட்டது. விளைச்சல் கோக்கு என்னும் அளவால் கணக்கிடப்பட்டது. ஒரு கோக்கு என்பது சுமார் 180 லிட்டர் அரிசியாகும். இது ஒரு மனிதருக்கு ஓராண்டு உணவாகக் கருதப்பட்டது. பணிவீரர் தமது வருவாய்க்கு ஏற்ற எண்ணிக்கையில் வீரர்களையும் ஆயுதங்களையும் தமது சொந்தச் செலவில் போருக்குக் கொண்டுவர வேண்டும். போர் இல்லாத நாட்களில் கோட்டை கட்டுதல், வரி திரட்டுதல், எல்லைக் காவல் முதலிய பணிகள் இருந்தன. இயேயாசுவின் உறவினரும் பணிவீரருமான மத்சுதைரா இயேததா 1577 முதல் 1594 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. அதில் போர்ச் செய்திகளுடன் கோட்டைச் சுவர் பழுது பார்த்தல், மழை, விருந்து ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. இந்த இயேததாவும் மோத்தோததாவுடன் ஃபுஷிமி கோட்டையில் இறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பணிவீரர்கள் தலைவரை மாற்றிக்கொள்வது இக்காலத்தில் அரிதன்று. தோற்ற தலைவரைக் கைவிடுவதும், வலியவரிடம் சேர்வதும், சில வேளைகளில் தலைவரையே வீழ்த்தி அவரது இடத்தைப் பிடிப்பதும் நிகழ்ந்தன. இத்தகைய சூழலில், பல தலைமுறைகளாக ஒரே குடும்பத்துக்குப் பணிபுரிந்த ஃபுதாய் எனப்பட்ட பரம்பரைப் பணிவீரர்கள் ஒரு தைமியோவின் மிகப் பெரிய வலிமையாகக் கருதப்பட்டனர்.

பிறப்பும் குடும்பமும்

மோத்தோததா 1539 ஆம் ஆண்டில் மிக்காவா மாநிலத்தில் பிறந்தார். இது இன்றைய ஐச்சி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியாகும். தந்தை தோரி ததயோஷி, ஒக்கசாக்கி கோட்டையை ஆண்ட மத்சுதைரா குடும்பத்தின் மூத்த பணிவீரர். இம்மத்சுதைரா குடும்பமே பின்னாளில் தோக்குகவா எனப் பெயர் பெற்றது.

மோத்தோததாவின் இளமையில் மத்சுதைரா குடும்பம் பெரும் நெருக்கடியில் இருந்தது. மேற்கே ஓடா குடும்பமும் கிழக்கே இமகாவா குடும்பமும் அதனை நெருக்கின. 1549 இல் தலைவர் மத்சுதைரா ஹிரோததா இறந்தபோது, அவரது மகன் தக்கேச்சியோ ஓடா குடும்பத்தினரின் பிடியில் இருந்தார். அதே ஆண்டில் இச்சிறுவன் இமகாவா குடும்பத்தின் தலைநகரான சும்புவுக்குப் பணயமாக அனுப்பப்பட்டார். இவரே பிற்கால இயேயாசு ஆவார். சும்பு இன்றைய ஷிசுவோக்கா நகரமாகும்.

ஒக்கசாக்கியில் இமகாவா அதிகாரிகள் அமர்ந்தனர். மிக்காவா வீரர்கள் இமகாவாவின் போர்களில் முன்னணியில் நிறுத்தப்பட்டனர்; நிலத்தின் வருவாயும் இமகாவாவிடம் சென்றது. அக்காலத்தில் வரி நிர்வாகத்தைக் கவனித்து வந்த ததயோஷி, இமகாவா அதிகாரிகள் அறியாதவாறு அரிசியையும் நாணயங்களையும் சிறிது சிறிதாகச் சேமித்து வைத்தார் என்று மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. இயேயாசு இளைஞராக ஒக்கசாக்கிக்கு ஒருமுறை வர அனுமதிக்கப்பட்டபோது, முதியவரான ததயோஷி அவரைத் தமது களஞ்சியத்துக்கு அழைத்துச் சென்று, அவர் திரும்பி வரும் நாளில் படை திரட்டுவதற்கென வைத்திருந்த அச்சேமிப்பைக் காட்டினார் என்பர்.

பணயச் சிறுவனின் துணைவர்

மோத்தோததா 1551 ஆம் ஆண்டளவில் சும்புவுக்கு அனுப்பப்பட்டு, சிறுவன் தக்கேச்சியோவின் உடனுறை பணியாளரானார். அப்போது இவர் பதின்மூன்று வயதினராகவும் தலைவர் பத்து வயதினராகவும் இருந்தனர். இவ்வயதுகள் பிறந்த ஆண்டையும் ஓர் ஆண்டாக எண்ணும் அக்கால ஜப்பானிய முறைப்படி அமைந்தவை. பிறர் வீட்டில் காவலின் கீழ் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு இத்தகைய துணைவர்களே குடும்பமாகவும் பள்ளித் தோழர்களாகவும் இருந்தனர்.

இக்காலம் குறித்து ஒரு கதை வழங்குகின்றது. சிறுவன் இயேயாசு ஒரு கீச்சான் குருவியை வேட்டைக்குரிய வல்லூறு போலப் பழக்க விரும்பி, அதனைக் கையில் ஏந்தும்படி மோத்தோததாவிடம் கொடுத்தார். அவர் அதனைச் சரியாக ஏந்தவில்லை என்று சினந்து, திண்ணையிலிருந்து கீழே விழுமாறு உதைத்தார். ததயோஷியின் மகனை, அவரது உதவியை நம்பியிருக்கும் நிலையில், இவ்வாறு நடத்தலாமா என மற்றவர்கள் கவலையுற்றனர். ததயோஷியோ, தம்மைப் போன்ற முதியவருக்கு அஞ்சி மகனிடம் பணிந்து நடக்காத சிறுவன் பெருந்தலைவனாக வருவான் என்று மகிழ்ந்தாராம். இக்கதை உண்மையில் நிகழ்ந்ததா என்பதைவிட, தலைவருக்கும் பணிவீரருக்கும் இடையே நட்பு எவ்வளவு நெருக்கமாயினும் படிநிலை மாறுவதில்லை என்பதை அது காட்டுவதாகக் கொள்ளலாம்.

போர்ப் பணிகள்

1560 ஆம் ஆண்டில் ஒக்கேஹசாமா போரில் இமகாவா யோஷிமோத்தோ, ஓடா நோபுனாகாவால் கொல்லப்பட்டார். இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி இயேயாசு ஒக்கசாக்கிக்குத் திரும்பித் தனியாட்சி நிறுவினார். 1562 இல் நோபுனாகாவுடன் உடன்பாடு செய்துகொண்டார்.

இயேயாசுவின் ஆட்சிக்கு முதற் சோதனை வெளியிலிருந்து வரவில்லை. 1563-1564 இல் மிக்காவாவில் பௌத்த ஜோதோ ஷின்ஷூ பிரிவினர் கிளர்ந்தெழுந்தபோது, அச்சமயப் பற்றுடைய பணிவீரர் பலர் தலைவருக்கு எதிராக நின்றனர். பின்னாளில் இயேயாசுவின் தலைசிறந்த ஆலோசகராக விளங்கிய ஹோண்டா மசனோபுவும் அப்போது கிளர்ச்சியாளர் பக்கமே இருந்தார். பரம்பரைப் பணிவீரர் என்பதால் மட்டும் விசுவாசம் உறுதியாகிவிடுவதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது. மோத்தோததா இயேயாசுவின் பக்கமே நின்றார்.

1572 இல் ததயோஷி இறந்தார். மூத்த தமையன் ததமுனே முன்னரே போரில் இறந்துவிட்டமையால் மோத்தோததா குடும்பத் தலைவரானார். அனெகாவா (1570), மிக்கத்தகஹாரா (1573), நாகஷினோ (1575) முதலிய போர்களில் இவர் பங்குபற்றினார். 1575 இல் தக்கேதா குடும்பத்தின் சுவஹாரா கோட்டையைத் தாக்கியபோது காலில் காயமுற்று, அதன் பின்னர் நொண்டி நடக்க நேர்ந்தது.

1582 ஆம் ஆண்டில் தக்கேதா குடும்பம் அழிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நோபுனாகாவும் தமது பணிவீரரான அக்கேச்சி மிட்சுஹிதேயின் துரோகத்தால் இறந்தார். ஆளின்றி நின்ற தக்கேதா நிலங்களுக்காக இயேயாசுவும் ஹோஜோ குடும்பமும் மோதின. காய் மாநிலத்தின் குரோகோமா என்னுமிடத்தில், பின்புறமாக வந்த ஹோஜோ படையை மோத்தோததா ஒரு சிறு படையுடன் முறியடித்தார். இதற்குப் பரிசாகக் காய் மாநிலத்தின் த்சுரு பகுதி இவருக்கு வழங்கப்பட்டது.

இவரது போர்கள் யாவும் வெற்றியில் முடியவில்லை. 1585 இல் சனதா மசயுக்கியின் உவேதா கோட்டையைத் தாக்கச் சென்ற தோக்குகவா படைத்தலைவர்களுள் இவரும் ஒருவர். எண்ணிக்கையில் பல மடங்கு பெரிதாக இருந்தும், கோட்டைக்குள் இழுக்கப்பட்டுத் தாக்கப்பட்ட அப்படை பேரிழப்புடன் பின்வாங்கியது.

ஹிதேயோஷியின் காலம்

1586 இல் இயேயாசு, தோயோத்தோமி ஹிதேயோஷிக்குப் பணிந்தார். ஹிதேயோஷி பிற தலைவர்களின் பணிவீரர்களுக்கு நேரடியாகப் பட்டங்களையும் பரிசுகளையும் அளித்துத் தம் பக்கம் ஈர்ப்பதில் வல்லவர். 1585 இல் இயேயாசுவின் மூத்த பணிவீரரான இஷிக்காவா கசுமாசா ஹிதேயோஷியிடம் சேர்ந்துவிட்டார். மோத்தோததாவுக்கும் அரசவைப் பட்டம் பெற்றுத்தர ஹிதேயோஷி முன்வந்ததாகவும், இரண்டு தலைவர்களுக்குப் பணிபுரியும் திறமை தமக்கில்லை என்று கூறி அவர் மறுத்ததாகவும் மரபுவழிச் செய்தி உண்டு.

மற்றொரு கதை இவரது இன்னொரு முகத்தைக் காட்டுகின்றது. தக்கேதா குடும்பம் வீழ்ந்தபின், அதன் புகழ்பெற்ற படைத்தலைவர் பாபா நோபுஹாருவின் மகளைத் தேடும்படி இயேயாசு பணித்தார். எங்குத் தேடியும் கிடைக்கவில்லை என மோத்தோததா அறிவித்தார். அப்பெண் அவரது வீட்டிலேயே அவருக்கு மனைவியாக இருப்பது பின்னர் தெரியவந்தபோது, இயேயாசு சினமின்றிச் சிரித்தாராம்.

1590 இல் ஹோஜோ குடும்பத்துக்கு எதிரான ஒதவாரா போர்த்தொடரில் இவாத்சுக்கி கோட்டையைக் கைப்பற்றியதில் இவரும் பங்குபற்றினார். அதன்பின் இயேயாசு தமது பழைய நிலங்களை விட்டுக் காந்தோ பகுதிக்கு மாற்றப்பட்டபோது, மோத்தோததாவுக்கு ஷிமோசா மாநிலத்தின் யஹாகியில் 40,000 கோக்கு நிலம் அளிக்கப்பட்டது. அதே வேளையில் ஹோண்டா ததகாத்சுவும் சக்காக்கிபாரா யசுமாசாவும் தலா 100,000 கோக்குப் பெற்றனர். ஐம்பது வயதைக் கடந்த, சிறுவயது முதல் உடனிருந்த ஒருவருக்கு இது பெரும் பரிசு எனக் கூறமுடியாது.

ஃபுஷிமி கோட்டை முற்றுகை

1598 இல் ஹிதேயோஷி, ஐந்து வயதான மகன் ஹிதேயோரியை விட்டு இறந்தார். ஆட்சிக்காவலர்களாக நியமிக்கப்பட்ட ஐந்து பெருந்தலைவர்களுள் வலிமை மிக்க இயேயாசுவுக்கும், ஹிதேயோஷியின் நிர்வாகியான இஷிதா மிட்சுனாரிக்கும் பகை முற்றியது. 1600 ஆம் ஆண்டில், வடகிழக்கே ஐசுவை ஆண்ட உவெசுகி காகேகாத்சு கலகம் செய்ய முனைகின்றார் என்று கூறி இயேயாசு பெரும்படையுடன் புறப்பட்டார். அவர் ஒசாக்காவை விட்டு நீங்கியதும் மிட்சுனாரி எழுவார் என்பது பலரும் எதிர்பார்த்ததே. அவ்வாறு எழுந்தால், கியோத்தோவின் தெற்கே ஒசாக்கா வழியில் அமைந்த ஃபுஷிமி கோட்டையே முதலில் தாக்கப்படும்.

ஜூலை மாத இறுதியில் இயேயாசு ஃபுஷிமியில் தங்கி, கோட்டைப் பொறுப்பை மோத்தோததாவிடம் ஒப்படைத்தார். அவருடன் நைத்தோ இயேநாகா, மத்சுதைரா இயேததா, மத்சுதைரா சிக்காமாசா ஆகியோரும் இருந்தனர். அன்றிரவு இருவரும் சும்புவில் பணயமாக வாழ்ந்த நாட்களைப் பற்றி நெடுநேரம் பேசினர் என்றும், கோட்டைக்கு மேலும் வீரர்களை விட்டுச்செல்ல இயேயாசு விரும்பியபோது மோத்தோததா மறுத்தார் என்றும் பிற்கால நூல்கள் கூறுகின்றன. போர் மூண்டால் பல மடங்கு வீரர்கள் இருந்தாலும் இக்கோட்டையைக் காக்க இயலாது. ஆகவே அவர்களை வீணாக்காமல் உடன் அழைத்துச் செல்வதே நன்று என்பது அவர் கூறியதாகச் சொல்லப்படும் காரணமாகும். அப்போது அவருக்கு ஜப்பானிய முறைப்படி 62 வயது.

மிட்சுனாரி தரப்பினர் எழுந்ததும் கோட்டையை ஒப்படைக்குமாறு கோரினர். மோத்தோததா மறுத்தார். ஹிதேயோஷியின் மனைவிக்கு உறவினரான கினோஷிதா காத்சுதோஷி கோட்டைக்குள் இருந்தார். அவர் முற்றுகைக்கு முன்னரே வெளியேறினார். இதனால் பின்னர் தமது நிலங்களை இழந்து, கவிஞராக நெடுங்காலம் வாழ்ந்தார். கோட்டைக்கு உதவ வந்ததாகக் கூறிய ஷிமாசு யோஷிஹிரோவை மோத்தோததா உள்ளே விடவில்லை என்றும், அதனால் அவர் எதிர்த்தரப்பில் சேர்ந்தார் என்றும் கூறப்படுகின்றது.

ஆகஸ்ட் மாத இறுதியில் உக்கிதா ஹிதேயே, கொபயக்காவா ஹிதேயாக்கி, ஷிமாசு யோஷிஹிரோ முதலியோரின் படைகள் கோட்டையைச் சூழ்ந்து தாக்கின. சில நாட்களில் வீழும் என எதிர்பார்க்கப்பட்ட கோட்டை செப்டம்பர் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. முடிவு உள்ளிருந்து வந்தது. கோட்டைக்குள் கோக்கா பகுதி வீரர்கள் சிலர் இருந்தனர். கோட்டைக்குத் தீ வைக்காவிட்டால் அவர்களது மனைவி மக்கள் சிலுவையில் அறையப்படுவர் என்ற மிரட்டல் அம்பில் கட்டி உள்ளே அனுப்பப்பட்டதாகவும், அவர்கள் கோட்டையின் ஒரு பகுதிக்குத் தீ வைத்ததாகவும் கூறப்படுகின்றது. மோத்தோததா மகனின் எதிர்காலத்தை எண்ணி நின்றார். கோக்கா வீரர்கள் மனைவி மக்களின் உயிரை எண்ணி வழிவிட்டனர். விசுவாசம், துரோகம் என்று வேறுபட்ட பெயர்களைப் பெற்ற இரண்டு செயல்களுக்கும் குடும்பமே பின்புலமாக இருந்தது.

எதிரிகள் உட்புகுந்தபின் எஞ்சியவர்களுடன் மோத்தோததா மீண்டும் மீண்டும் வெளிவந்து போரிட்டார். செப்டம்பர் 8, 1600 அன்று சுசுக்கி ஷிகேதோமோ என்னும் வீரர் இவரது தலையைக் கொய்தார். கோட்டை எரிந்து அழிந்தது.

முற்றுகையின் விளைவு

மிட்சுனாரி தரப்பின் பெரும் படையொன்று இம்முற்றுகையில் ஏறத்தாழ இரண்டு வாரங்களைச் செலவிட்டது. இதற்கிடையே கிழக்கில் ஒயாமா என்னுமிடத்தில் செய்தியறிந்த இயேயாசு தம்முடன் இருந்த தலைவர்களின் ஆதரவை உறுதிசெய்துகொண்டு மேற்கு நோக்கித் திரும்பினார். அக்டோபர் 21, 1600 இல் செக்கிகஹாராவில் மிட்சுனாரி தோற்றார். 1603 இல் இயேயாசு ஷோகன் பதவியை ஏற்றபோது, அவ்விழா மீண்டும் கட்டப்பட்ட அதே ஃபுஷிமி கோட்டையில் நடைபெற்றது.

மிட்சுனாரியை வெளிவரச் செய்வதற்காகவே இயேயாசு இச்சிறு படையை இரையாக விட்டுச் சென்றார் என்னும் கருத்தும் உண்டு. அவ்வாறாயினும் இல்லாவிடினும், மீள முடியாத பணி அது என்பதை இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

குடும்பத்துக்குக் கிடைத்த கைம்மாறு

மோத்தோததாவின் மகன் ததமாசாவுக்கு 1602 இல் இவாக்கிதைராவில் 100,000 கோக்கு நிலம் வழங்கப்பட்டது. இது தந்தை பெற்றிருந்ததைப் போல் இரண்டரை மடங்காகும். 1622 இல் அவர் இதனிலும் பெரிய யமகத்தாவுக்கு மாற்றப்பட்டார்.

1636 இல் ததமாசாவின் மகன் ததத்சுனே முறையான வாரிசின்றி இறந்தார். ஷோகன் ஆட்சியின் சட்டப்படி நிலம் முழுவதும் பறிபோயிற்று. ஆயினும் மோத்தோததாவின் தொண்டைக் கருதி, ததத்சுனேயின் தம்பிக்குத் தக்காத்தோவில் சுமார் 30,000 கோக்கு அளிக்கப்பட்டது. 1689 இல் குடும்பம் மீண்டும் தண்டிக்கப்பட்டு நிலத்தை இழந்தது. அப்போதும் அதே காரணத்துக்காக 10,000 கோக்குடன் தொடர அனுமதிக்கப்பட்டது. 1712 இல் மிபுவுக்கு மாற்றப்பட்ட தோரி குடும்பம், 1871 இல் தைமியோ முறை ஒழிக்கப்படும் வரை அங்கு ஆட்சி செய்தது. ஒருவரின் மரணம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும் அவரது குடும்பத்தைக் காத்தது.

எல்லாக் குடும்பங்களுக்கும் இக்கைம்மாறு கிட்டவில்லை. 1620களில் ஓகுபோ ததத்தாக்கா எழுதிய மிக்காவா மோனோகத்தாரி என்னும் நூல், தலைமுறை தலைமுறையாக உயிர்கொடுத்த பரம்பரைப் பணிவீரர்களை விடுத்துப் புதியவர்கள் உயர்த்தப்படுவதைக் குறைகூறுகின்றது. தோரி குடும்பத்தின் வரலாற்றுடன் இதனையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

கடிதமும் அதன் நம்பகத்தன்மையும்

முற்றுகைக்கு முன் மோத்தோததா தம் மகனுக்கு எழுதியதாகக் கூறப்படும் நீண்ட கடிதம் ஒன்று புகழ்பெற்றது. குடும்பம் தலைவருக்குப் பட்ட கடன், தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் தாம் இறக்க முடிவு செய்தமைக்கான காரணம், இளைய தம்பியருக்கு ஆற்றவேண்டிய கடமை ஆகியவற்றை அது பேசுகின்றது. 1982 இல் வில்லியம் ஸ்காட் வில்சன் வெளியிட்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பின் மூலம் இது மேலைநாடுகளிலும் அறியப்பட்டது. இதில் காணப்படும் கருத்துகள், அமைதி நிலவிய எதோ காலத்தில் (1603-1868) சாமுராய் ஒழுக்கம் பற்றி எழுதப்பட்டவற்றுடன் நெருங்கி ஒத்திருப்பதால், இதனை எச்சரிக்கையுடன் அணுகுதல் வேண்டும். ஃபுஷிமி இரவு உரையாடல் முதலிய கதைகளுக்கும் இது பொருந்தும். முற்றுகை, இவரது மரணம், மகன் பெற்ற நிலம் ஆகியவை ஐயத்துக்கு அப்பாற்பட்டவை.

நினைவிடங்கள்

ஒசாக்காவில் காட்சிக்கு வைக்கப்பட்ட மோத்தோததாவின் தலையை, அவரிடம் நட்புக்கொண்டிருந்த கியோத்தோ வணிகர் ஒருவர் மறைவாக எடுத்துச்சென்று கியோத்தோவின் சியோன்ஜி கோயிலில் அடக்கம் செய்தார் என்பது மரபு.

ஃபுஷிமி கோட்டையில் வீரர்கள் இறந்து கிடந்த தரைப்பலகைகள் பின்னர் கோயில்களின் கூரையின் உட்புறத்தில் பதிக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. இறந்தவர்களின் குருதி படிந்த பலகைகளை எவரும் மிதிக்கக்கூடாது என்பதே இதற்குக் காரணம். "குருதிக் கூரை" எனப்படும் இவை கியோத்தோவின் யோகென்-இன், கெங்கோ-ஆன், ஹோசென்-இன், ஷோதென்ஜி ஆகிய கோயில்களில் உள்ளன. தோச்சிகி மாவட்டத்தின் மிபுவில் உள்ள செய்ச்சூ ஆலயத்தில் மோத்தோததா தெய்வமாக வணங்கப்படுகின்றார். ஃபுஷிமி கோட்டையிலிருந்து எடுத்த குருதி படிந்த பாய்கள் அங்கு புதைக்கப்பட்டு, அவ்விடத்தில் ஒரு நினைவு மேடு அமைக்கப்பட்டுள்ளது.

1620களில் ஃபுஷிமி கோட்டை முற்றிலும் அகற்றப்பட்டது. அது இருந்த குன்றில் 1912 இல் பேரரசர் மெய்ஜியின் கல்லறை அமைக்கப்பட்டது. அருகில் இன்று காணப்படும் கோட்டைக் கோபுரம் 1964 இல் கட்டப்பட்ட மாதிரிக் கட்டடம் ஆகும்.